மூன்று நாள் சுற்றுலாப் பட்டியல்

திருப்பதியிலிருந்து சித்தூர் போகும் ரயில் பாகாலாவைத் தாண்டியதும் எதிர் சீட்டு அம்மாள் கேட்டார்:

"மொட்டைத் தலையோட போனா பிரான்ஸ்ல உள்ள வுடுவாங்களா? விசா போட்டோவுல ஜடை இருக்குதே."

அவர் தலையில் பூசிய சந்தனம் காய்ந்து வெடித்திருந்தது.

"திரும்பி வந்து அடிச்சிக்கலாம்னேனே," என்றார் கணவர்.

"புள்ள நம்மகிட்ட பேசினா முடி தர்றேன்னு வேண்டிக்கினேன். நாலு வருஷம் கழிச்சிப் பேசிட்டான். வேண்டுதல தீக்காம ஏரோப்ளேன் ஏறலாமா?"

பிரான்சிலிருந்து மகன் அனுப்பிய பட்டியலைக் கணவர் போனில் படித்தார்.

"மொத நாளு பழைய சர்ச்சு. ரெண்டாம் நாளு ஆத்துல படகு. மூணாம் நாளு சந்தை, சாயங்காலம் திரும்புற ரயிலு. ஓட்டல்ல ரூம் போட்டுட்டானாம்."

"அவன் வூட்டுக்கு எந்த நாளு?"

பட்டியலை மேலே தள்ளினார், கீழே தள்ளினார்.

"சின்ன ஊருதான். போற வழியில எங்கனா காட்டுவான்."