கபடி மைதானத்து ஊசி

உச்சி வேளை. காரிமங்கலம் தாண்டி ஒரு மண் ரோடு... ஈ காக்கை இல்லை. பேய்க்கு ராத்திரிதான் வேண்டும் என்று உங்களுக்கு யார் சொன்னது? மாது, சிரிக்கிறதானால் வெளியே போய்ச் சிரி. இது என் கூட்டாளி உசேனுடைய மாமா அப்துல் சுபானுக்கு நடந்தது. எண்பத்து நாலில்.

அவர் சுகாதாரத் துறையில் ஊசி போடுகிறவர். அந்தக் கோடையில் காலரா. வீட்டுக்கு வீடு பாடை கட்டுகிற நேரத்தில் இந்த ஊர் மடையன்களுக்குக் கபடிப் போட்டி கேட்கிறது. சவுக்குக் கட்டையில் கேலரி, மைக் செட், பத்து ஊர்க் கூட்டம். நிறுத்தச் சொன்னால் கேட்கவில்லை. அதனால் ஊசி போடாத ஆளை உள்ளே விடக்கூடாது என்று உத்தரவு. மருந்துப் பெட்டியைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு சுபான் தனியாகப் போகிறார். செயின் கிரீச்... கிரீச்...

மாந்தோப்பு ஓரம் ஒருத்தி நின்றாள், இடுப்பில் பெண் குழந்தையோடு.

"அய்யா, எம் புள்ளைக்கு ஒரு ஊசி போடுங்க."

"இங்க பெட்டியத் தொறக்கக் கூடாதும்மா. மைதானத்துக்கு வா, போடறேன்."

மூச்சு வாங்க மிதித்து மைதானத்தில் போய் இறங்கினால்... வரிசையில் அவள் நிற்கிறாள். குறுக்குவழி இருக்கும் என்று நினைத்துக்கொண்டார்.

ஸ்டவ்வில் ஊசி கொதிக்கிறது. ஸ்பிரிட் வாடை. கூட்டம் முண்டியடிக்கிறது. முண்ட முண்ட அவள் பின்னால் போய்க்கொண்டே இருந்தாள். பாவி மக்கள், ஒருத்தனும் திரும்பிப் பார்க்கவில்லை. அவள் மேசைக்கு வரும்போது பொழுது சாய்ந்துவிட்டது. மருந்து ஒரே ஒருத்தருக்குத்தான் மிச்சம். அந்த நேரம் பார்த்து கமிட்டித் தலைவர் அர்ச்சுனன் ஒரு ஆட்டக்காரனை இழுத்துக்கொண்டு வந்தார்.

"இவனுக்குப் போடுங்க பாய். ஆட்டம் நின்னா சனம் கேலரியப் பிரிச்சிரும்."

அவள் பிள்ளையின் கையை மட்டும் நீட்டினாள்.

"உனக்குப் போட மருந்து இல்லையேம்மா" என்றார் சுபான்.

"எனக்கு எதுக்குங்க இனிமே."

பிள்ளைக்கே போட்டார். அது வீலென்று கத்தியது. பஞ்சு எடுக்கக் குனிந்தார்... நிமிர்ந்தால் மேசைமேல் பிள்ளை மட்டும். அவளைக் காணோம்.

குழந்தையின் தாயார் எங்கிருந்தாலும் வரவும் என்று மைக்கில் கூப்பிட்டார்கள். திரும்பத் திரும்பக் கூப்பிட்டார்கள். தாயார் வரவில்லை. பச்சியப்பன் என்று ஒருவன் ஓடிவந்தான். குழந்தையின் அப்பன். மத்தியானத்திலிருந்து பிள்ளையைக் காணாமல் காடெல்லாம் தேடியவன்.

"இவ அம்மா இப்பத்தான் இங்க நின்னாங்க" என்றார் சுபான்.

"அவள முந்தாநாள் நாந்தாங்க பொதச்சன்."

காலராவில் போனவர்களைக் குழியில் சுண்ணாம்பு கொட்டித்தான் புதைப்பார்கள். அவள்மேல் கொட்டியதும் அவன் கைதான். பிள்ளையைத் தூக்கித் தோளில் சாய்த்தபோது பார்த்தான்... பிள்ளையின் சட்டை முதுகில் சுண்ணாம்பு. ஐந்து விரலும் பதிந்திருந்தது. அவன் அங்கேயே உட்கார்ந்து அழுதான். உள்ளே விசில் ஊதி ஆட்டம் தொடங்கிவிட்டது.

பிள்ளை பிழைத்துக்கொண்டது. அந்தச் சட்டையைத் துவைக்கப் பச்சியப்பன் யாரையும் விடவில்லை. உசேன் போய்ப் பார்த்திருக்கிறான். அந்த விரல் பட்ட இடம் மட்டும்... இன்னும் ஈரமாகவே இருக்கிறதாம்.