சுருங்காத பிலிம்

— கதவத் திறக்காதடா! வெளிச்சம் உள்ள வந்தா கேமராவுக்குக் கண்ணு கூசிடும்.

— லேப் டைரக்டர் வெளியில நிக்கிறாருக்கா. "உங்க அக்கா பாஸ் போட்டாங்களா, இல்லையா"ன்னு பிடுங்கி எடுக்குறாரு.

— இன்னும் பாத்துக்கிட்டு இருக்கான்னு சொல்லு.

— இன்னும் என்ன பாக்கணும்? போன தடவ சூடு தாங்குதான்னு ஓவன்ல வாட்டினதும் பிலிம் சுருங்கி, தகவல எழுதின புள்ளியெல்லாம் கலங்கிப்போச்சு. இன்னிக்குத் திரையப் பாரு, முத்து முத்தா நிக்குது!

— அதான்டா உறுத்துது. ஹோலோகிராம் எழுதின எந்தப் பிலிமும் சூட்டுல கொஞ்சமாச்சும் சுருங்கும்.

— என் பிலிம் நல்லா இருந்தா உனக்கென்ன வயித்தெரிச்சல்?

— வாய மூடு. நாளைக்கு இதுல ஆஸ்பத்திரி ஸ்கேன் எல்லாம் ஏத்தப் போறாங்க. ஒருத்தனோடது அழிஞ்சாலும், கையெழுத்துப் போட்ட என்னத்தான் வந்து கேப்பான்.

— இது ஊத்திக்கிச்சுன்னா எங்க பிரிவையே மூடிடுவாங்கக்கா. என் பொண்டாட்டி மாசமா இருக்கா. வேலையும் இல்லாம நான் எங்க போய் நிப்பேன்?

— தெரியும்டா. சரி, இதச் சொல்லு. எழுதும்போது ரெண்டு லேசர் கதிர் விடுறோம். படிக்கும்போது?

— எனக்கே பாடமா? புள்ளிப்படத்தச் சுமந்து வர்ற கதிர மறைச்சிட்டு, வெறுங்கதிர மட்டும் விடணும். பிலிம் தன்கிட்ட இருக்கிற படத்தத் திருப்பிக் குடுக்கும்.

— படக்கதிரோட மறைப்பு மூடியிருக்கா?

— பச்சை விளக்கு எரியுதே! மூடித்தான் இருக்கு.

— விளக்கு எரியுது, சரி. அறையில எரியுற அந்தச் சிவப்பு பல்ப அணை.

— எதுக்கு?

— அணைடா.

— அணைச்சாச்சு. அய்யோ, என்ன சத்தம் அது? பிலிம் மேல இடிச்சுக்காத!

— நாற்காலியத் தள்ளினேன். நீ திரையப் பாரு. மூலைக்கு மூலை பாரு. எங்கயாவது மங்கலா இருக்கா?

— இல்ல. சத்தியமா இல்ல. ஒரு புள்ளிகூட நகரல.

— அவசரப்படாத. நல்லாப் பாத்துட்டியா?

— கண்ணுல ஒத்திக்கலாம் போல இருக்குக்கா! போடு கையெழுத்த.

— கைய நீட்டு. ஓரத்தப் பிடி, பதனமா. இதுதான்டா உன் பிலிம். பல்ப அணைச்சதுமே கழட்டிட்டேன். மறைப்பு மூடவே இல்ல, திரையில நிக்கிறது நேரா வர்ற படக்கதிர்.