மேஸ்திரி சூட்டு போட்ட நாள்

இல்லக்கா, மேல விட மாட்டாங்க. நீங்க மேஸ்திரி சம்சாரம்னு சொன்னாலும் விட மாட்டாங்க. டோக்கியோ ஆபீஸ்லேர்ந்து ஆளுங்க வந்திருக்காங்க, கதவைச் சாத்திக்கிட்டு உக்காந்திருக்காங்க. இப்படி வந்து உக்காருங்க. அய்ய, அந்த வாளிமேல வேணாம். அதுலதான் கணவாய் மீனு வெட்டிப் போட்டு வெப்போம். அந்த நாத்தம் ஸ்கர்ட்டுல ஏறிச்சுன்னா துவைச்சாலும் போகாது.

நான் ஹினானோ. கோஹாமா ஹினானோ. வீட்டுல சொல்லிருப்பாரே? ... ஆமா, அதேதான், ஸ்கூலை விட்டுட்டு வந்த பொண்ணு. அப்படித்தான் சொன்னாராக்கும்! பரவால்ல, உண்மைதானே. வாயாடின்னும் சொல்லிருப்பாரு. ... சொல்லலியா? அப்ப மறந்திருப்பாரு.

சூட்டா? நல்லாத்தான் இருந்துச்சுக்கா. பம்ப் ரூம்ல போய் மாத்திக்கிட்டு வந்து நின்னாரு பாருங்க, யாருடா இந்தாளுன்னு ஆயிருச்சு எனக்கு. ரப்பர் பூட்ஸ் இல்லாம நான் அவரைப் பாத்ததே இல்ல. ... ஓ, சாவு வீட்டுக்குன்னு தச்ச சூட்டா? அதான் கருப்பு. பேன்ட்டு பட்டன் மாட்டல. மூச்சை உள்ள இழுத்துப் பிடிச்சுக்கிட்டு மாட்டினாரு. சிரிக்காதீங்கக்கா, எனக்கும் வந்துரும். டை கட்டத் தெரியல அவருக்கு. தொமோரிதான் கட்டிவிட்டாரு. தொமோரின்னா எங்க தண்ணி டெஸ்ட் பண்றவரு, கண்ணாடி போட்டுக்கிட்டு ஒல்லியா இருப்பாரே. மூணு தடவ தப்பா முடிச்சுப் போட்டு அவுத்தாரு. ... மேஸ்திரியா? மேஸ்திரி நேரா நின்னாரு. தொமோரிக்குத்தான் முடிச்சு விழல.

நாங்க மேஸ்திரின்னுதான் கூப்பிடுவோம். சுகேரான் சார்னா அவருக்கே திரும்பிப் பாக்கத் தோணாது.

அந்தப் பெட்டியை அவரு எடுத்துக்கிட்டுப் போகலியா? மன்னிப்புக் கேக்கப் போனா ஸ்வீட்டோட போறதுதானே வழக்கம், இவரு வெறுங்கையோட போயிட்டாரே. என்ன ஸ்வீட்டு? ... சின்சுகோவா! அய்யோ அக்கா, டோக்கியோகாரங்களுக்குப் போய் சின்சுகோ பிஸ்கட்டா? அது ஏர்போர்ட்ல டூரிஸ்ட்டு வாங்குறதுக்கா. ... சரிதான், அரை மணி நேரத்துல வான்னா எந்தக் கடைக்குப் போவீங்க. விடுங்க, அவங்க எப்படியும் தொட மாட்டாங்க. எனக்கு வேணாம். ... நெசமாவே வேணாம்க்கா, மூடி வைங்க.

அப்ப போன்ல ஒண்ணுமே சொல்லலியா அவரு? சூட்டையும் டையையும் ஒரு ஸ்வீட்டுப் பெட்டியையும் கொண்டாந்து குடுன்னு மட்டும்தானா? அவரு அப்படித்தான். எங்ககிட்டயும் அப்படித்தான். பேசுறதெல்லாம் தொட்டியில இருக்குற பவளத்துக்கிட்டதான். ... ஆமாக்கா, பேசுவாரு! நீங்க பாத்ததில்லயா? காலையில வந்ததும் தொட்டி ஓரமாக் குந்திக்கிட்டு, என்னம்மா நல்லா தூங்கினியா, இந்தப் பக்கம் ஏன் வாடிக் கெடக்கன்னு கேப்பாரு. எங்களைப் பாத்தா, பிரஷ்ஷை எடுன்னு மட்டும் சொல்லுவாரு.

நீங்க இந்த மீன் காட்சிசாலையை முன்பக்கம் டிக்கெட் எடுத்து வந்து பாத்திருப்பீங்க. இருட்டா இருக்கும், கண்ணாடி நீலமா இருக்கும், மெதுவா ஒரு பாட்டு வேற போடுவாங்க. ஜோடி ஜோடியா நின்னு போட்டோ எடுத்துக்குவாங்க. அந்தக் கண்ணாடிக்கு மேல பின்பக்கம்தான் இது. பாருங்க, ஏதோ கட்டடம் கட்டிப் பாதியில விட்ட எடம் மாதிரி இல்ல? கூரை கிடையாது. பவளத்துக்கு வெயிலு வேணும்ல, அதனால எங்க மண்டைதான் காயும். சன் க்ரீம் பூசக்கூடாது. கொசுவுக்கு எதுவும் தடவக்கூடாது. சோப்பு போட்டுக் கை கழுவிட்டு தொட்டியில விட்டா மேஸ்திரி அடிக்கவே வந்துருவாரு. பாக்கெட்ல எதுவும் வெச்சுக்கிட்டு வரக்கூடாது. முத நாளே சொன்னாங்க. ஏன்னு சொல்லல. நானும் கேக்கல. எனக்கு எதையும் ஏன்னு கேட்டுப் பழக்கமில்ல. கேட்டா பதில் நீளமா வரும்.

என் வேலை? பல்லு தேய்க்கிற பிரஷ்ஷால பாசி தேய்க்கிறது. சிரிக்காதீங்க, அதுக்கே ஒரு நாளு பத்தாது. அப்புறம் மீனுக்கு எரை வெட்டுறது. இந்தக் கிளிமீனு இருக்கு பாருங்க, அதுக்கு வயிறு நெறைய போடலன்னா போய் பவளத்தைக் கடிக்கும். ஒடிஞ்சு விழுற துண்டை நாங்க பொறுக்கி எடுத்து, மாவு மாதிரி ஒரு பசை இருக்கு, அதை உருட்டி கல்லுல ஒட்டி வெப்போம். நாலஞ்சு மாசத்துல அது பாட்டுக்கு வேரு விட்ட மாதிரி கல்லுமேல பரவிரும். ஸ்கூல்ல நான் செஞ்ச ஒண்ணுகூட வளந்ததில்லக்கா. இது வளருது. அதான் இங்கயே கெடந்தேன்.

அதோ, நீல ஷீட்டு போட்டு மூடி வெச்சிருக்கே, அதான் தாய்த்தொட்டி. ... இல்ல, தொறக்க வேணாம். நான் காட்ட மாட்டேன். மேஸ்திரியே மூடினாரு, அவரு வந்து தொறக்கட்டும்.

சொல்றேன் இருங்க. முன்னாடி பெரிய தொட்டியில இருக்குற பவளத்துக்கெல்லாம் அம்மா இங்கதான் இருந்துச்சு. நல்ல பெரிய பெரிய கொத்தா, மான் கொம்பு மாதிரி. இந்தத் தொட்டி தனி. கடல் தண்ணி வந்து போறதெல்லாம் பெரிய தொட்டிக்குத்தான். இதுல இருக்குற தண்ணியே சுத்திச் சுத்தி வடிகட்டி வரும். வெளியில கடலு சூடானாலும் இதுங்களுக்கு ஒண்ணும் ஆகக்கூடாதுன்னு மேஸ்திரி தனியா வெச்சுப் பாத்துக்கிட்டாரு. வருசத்துக்கு ஒரு தடவ, கோடை ஆரம்பத்துல பௌர்ணமியை ஒட்டி முட்டை விடும். ரோஸ் கலர்ல சின்னச் சின்ன மணியா மேல மிதந்து வரும்னு சொல்லுவாங்க. நான் பாத்ததில்ல. போன வருசம் விடல. அதுக்கு முந்தின வருசமும் விடலயாம்.

அதுதான் டோக்கியோகாரங்களுக்குப் புடிச்சுக்கிச்சு. இவ்வளவு கரண்டு, இவ்வளவு ஆளு, ஒரு முட்டைகூட இல்ல, பேசாம பிளாஸ்டிக்ல செஞ்சு பெயின்ட் அடிச்சு உள்ள வெச்சிரலாம், பாக்குறவங்களுக்கு வித்தியாசம் தெரியவா போகுதுன்னு சொன்னாங்களாம். மேஸ்திரி அன்னிக்கு மேலேர்ந்து எறங்கி வந்து மத்தியானச் சாப்பாட்டைக்கூடத் தொடல. நீங்க கட்டிக்குடுத்த பாகற்காயும் முட்டையும் நான்தான் தின்னேன். நல்லா இருந்துச்சு. அப்புறம் அவரு சொன்னாரு, இந்தத் தடவ மட்டும் இதுங்க முட்டை விட்டுருச்சுன்னா அவனுங்க வாயை அடைச்சிரலாம்னு. எங்கிட்டயாச் சொன்னாரு? பவளத்துக்கிட்டதான் சொன்னாரு. நான் பக்கத்துல பாசி தேய்ச்சுக்கிட்டு இருந்தேன்.

இந்த வருசம் முட்டை இருந்துச்சுக்கா. ஒரு கொம்பை ஒடிச்சுப் பாத்தாங்க, உள்ள ரோஸா இருந்துச்சு. தொமோரி குதிச்சாரு. மேஸ்திரி மூக்கைச் சிந்திக்கிட்டு அந்தப் பக்கம் போயிட்டாரு.

அப்புறம் வாட ஆரம்பிச்சுது. பவளத்துல குட்டிக் குட்டிப் பூ மாதிரி வாய் இருக்கும்ல, எரை போட்டா விரியும். அது விரியல. மொதல்ல ஒரு கொத்து, அப்புறம் பக்கத்துல. வெயிலு ஜாஸ்தியோன்னு நிழல் கட்டினோம். தண்ணியைக் கொஞ்சம் மாத்திப் பாத்தோம். முந்தாநாள் காலையில வந்து பாத்தா, தோலு உரிஞ்சு தண்ணியில மிதக்குது. சோறு கஞ்சியான மாதிரி. உள்ள வெள்ளை எலும்பு மட்டும் நிக்குது. மேஸ்திரி ரெண்டு கையையும் தொட்டிக்குள்ள விட்டுக்கிட்டு நின்னாரு, எடுக்கவே இல்ல. தப்பிச்சது கொஞ்சம்தான். அதை எடுத்து வேற தண்ணியில போட்டு வெச்சிருக்கோம். பொழைக்கலாம். பொழைக்காமலும் போகலாம்.

தொமோரி தண்ணியை டெஸ்ட் பண்ணாரு. செம்பு இருக்குன்னாரு. பவளத்துக்குச் செம்பு வெஷமாம்க்கா. துளி போதுமாம்.

ஆமா, அந்தப் பம்ப்தான். உங்ககிட்ட அதைப் பத்திச் சொல்லிருக்காரா? தாய்த்தொட்டித் தண்ணியைச் சுத்த விடுற பழசு ரிப்பேராயிருச்சு, புதுசுக்கு ஆபீஸ்ல இழுத்தடிச்சாங்க, இவரே எங்கேயோ படகுக் கொட்டாய்லேர்ந்து ஒண்ணு வாங்கியாந்து பிரிச்சு மாட்டி ஓட விட்டாரு. இப்ப அதைத் திரும்பப் பிரிச்சுப் போட்டு, ஒவ்வொண்ணா வெளக்கு வெளிச்சத்துல புடிச்சுப் பாத்தாரு. உள்ள ஒரு ஸ்க்ரூ. இத்தினூண்டு. மஞ்சளா இருந்துச்சு. பித்தளை, பித்தளைல பாதிக்கு மேல செம்புதான், நான்தான் பாக்காம மாட்டிட்டேன்னு அப்படியே தரையில உக்காந்துட்டாரு. தொமோரி சொல்லத்தான் செஞ்சாரு, இந்தக் குட்டி ஸ்க்ரூலேர்ந்தா இவ்வளவு செம்பு எறங்கும், கணக்கு உதைக்குதேன்னு. மேஸ்திரி காதுலயே வாங்கல. தப்பு பண்ணவன் நான், ஸ்க்ரூ சின்னதா பெருசான்னு பேசிக்கிட்டு இருக்காதேன்னுட்டாரு.

இப்ப மேல என்ன சொல்லப் போறாருன்னு தெரியுமா உங்களுக்கு? ... தெரியாதா? அய்யோ. நான் சொல்லியிருக்கக் கூடாதோ. சரி, தெரிஞ்சுக்கங்க. சூட்டு உள்பாக்கெட்ல ஒரு கவர் வெச்சிருக்காரு. வேலையை விட்டுர்றேன்னு எழுதி. நான் போயிர்றேன், எம்மேல எல்லாத்தையும் போட்டுக்கங்க, தாய்த்தொட்டியை மட்டும் மூடிராதீங்க, தொமோரி பாத்துக்குவான்னு கேக்கப் போறாரு. டை கட்டும்போது தொமோரிக்கிட்ட சொன்னாரு. அதான் அவருக்கு முடிச்சு விழல.

அழாதீங்கக்கா. இந்தாங்க, இந்தத் துண்டு... இல்ல, இது மீன் துடைச்சது. எங்கிட்ட வேற இல்ல.

உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். கோவில்ல நாம எப்படிக் கும்பிடுவோம்? காசைப் போட்டுட்டு, குனிஞ்சு, ரெண்டு தட்டு கை தட்டி, வேண்டிக்குவோம்ல? எங்கம்மா எல்லாத்துக்கும் அப்படித்தான். நான் பரீட்சை எழுதப் போனப்பகூட போட்டாங்க. பாவம், வேஸ்ட். எனக்கு மனுசங்களுக்காகச் சாமிக்கிட்ட கேக்குறதுல நம்பிக்கை போயிருச்சு. ஆனா இதுங்க முட்டை விடணும்னு... அதுக்கு எந்தக் கோவிலுக்குப் போறது? தொட்டி இங்கதான இருக்கு. மேஸ்திரி வர்றதுக்கு முன்னாடி நான் வந்துருவேன். அந்த ஓட்டை போட்ட அஞ்சு யென் காசு, கும்பிடுறதுக்குப் போடுறது, அது ஒண்ணைப் போட்டுட்டு கை தட்டுவேன். எங்கம்மா குடுத்துவிட்ட சில்லறையிலேர்ந்து எடுத்து வெப்பேன். மொத நாளு சும்மா தண்ணியில போட்டேன். அப்புறம் கீழ பளபளன்னு தெரிஞ்சுது, யாராவது பாத்தா கிண்டல் பண்ணுவாங்கன்னு, எல்லாத்தையும் தூண்டில் நரம்புல கோத்து, தண்ணி வந்து விழுற குழாய்க்குப் பின்னாடி தொங்க விட்டேன். தெனம் ஒண்ணு கூடக் கோப்பேன். வசந்தம் பூரா.

ஆமாக்கா. அந்த மஞ்சக் காசுதான்.

எனக்குத் தெரியாதுக்கா. செம்பு தெரியும், காசு தெரியும். காசுக்குள்ள செம்பு இருக்கும்னு தெரியாது. ஸ்கூல்ல சொல்லிக் குடுத்திருப்பாங்க. நான்தான் அங்க இல்லயே. அந்த ஸ்க்ரூவை அவரு வெளிச்சத்துல தூக்கிப் பிடிச்சாரு பாருங்க, அந்த மஞ்சளைப் பாத்ததும் என் காசு ஞாபகம் வந்துச்சு. எல்லாரும் பம்பைச் சுத்தி நின்னுக்கிட்டு இருந்தாங்க. நான் போய் குழாய்க்குப் பின்னாடி கையை விட்டு எடுத்தேன். பச்சை புடிச்சுப் போயிருந்துச்சு. பூரா பச்சை. இப்ப இந்த பூட்ஸுக்குள்ள, காலுக்கடியில இருக்கு. குத்திக்கிட்டே இருக்கு. நேத்தும் அதோடதான் வீட்டுக்குப் போனேன், அதோடதான் வந்தேன்.

சொல்லலியான்னா... சொல்லத்தான் நின்னேன். அவரு எங்க எல்லாரையும் வரிசையா நிக்க வெச்சாரு. பம்ப் தப்பு எனக்குத் தெரியும், இருந்தாலும் கேக்குறேன், தொட்டிக்குள்ள யாராவது எதையாவது விட்டீங்களான்னு ஒவ்வொருத்தரா மூஞ்சியைப் பாத்துக் கேட்டாரு. தொமோரியையும் கேட்டாரு. எங்கிட்ட வந்தாரு. வாயைத் தொறந்தேன். உன்னை எதுக்கு நான் கேக்கப் போறேன், நீ போ, மீனு பசியில இருக்கும், எரை போடுன்னு தோளைத் தட்டிட்டுப் போயிட்டாரு.

போனேன். போட்டேன்.

... என்னக்கா? ... இல்ல, நல்லாக் கேட்டுச்சு. கடல்ல வீசிட்டு வாயை மூடிக்கன்னு சொல்றீங்க. எனக்கு வயசு சின்னது, பேரு கெட்டுப்போகும், அவருக்கு எப்படியும் ஓய்வு வர்ற வயசுன்னு சொல்றீங்க. நீங்க நல்லவங்கக்கா. திட்டுவீங்கன்னு நெனச்சுதான் இவ்வளவு நேரம் வளவளன்னு பேசிக்கிட்டு இருந்தேன். திட்டியிருந்தா சுலபமா இருந்திருக்கும்.

கையை விடுங்கக்கா, அவரு கவரை நீட்டுறதுக்குள்ள நான் மேல போய்ச் சொல்லிர்றேன். ஈர பூட்ஸோட போனா மேல கார்ப்பெட் நாசமாகும், ஆகட்டும்.

அவரு தாங்கிக்குவாருன்னு சொல்லாதீங்க. தாங்கிக்குவாரு. அதைத்தான்க்கா என்னால தாங்க முடியல. விடுங்க.