ஷிமோஜிக்கு ஐந்தாம் டான்

கராத்தேயில் கறுப்பு பெல்ட்டைத் துவைக்கக் கூடாது என்பார்கள். துவைத்தால் பட்ட பாடெல்லாம் கரைந்து போய்விடுமாம். நான் மாதம் ஒருமுறை துவைக்கிறேன், இன்ஸ்பெக்டர். இந்த நாஹா ஊர்ப் புழுக்கத்தில் வியர்வை நாற்றம் எப்படி இருக்கும் என்று உங்களுக்கே தெரியும். இன்னொன்றும் ஒத்துக்கொள்கிறேன். பெல்ட் பழசாகத் தெரிய வேண்டும் என்று அதன் ஓரங்களை உப்புத்தாளால் தேய்த்திருக்கிறேன். எங்கள் டோஜோவில், அந்தப் பயிற்சிக் கூடத்தில், பாதிப் பேர் தேய்க்கிறார்கள். வெள்ளை நூல் எட்டிப் பார்த்தால்தான் ஜெர்மனியிலிருந்து ஒரு வாரத்துக்கு வந்து பயிற்சி எடுக்கிறவர்கள் இன்னும் கொஞ்சம் குனிகிறார்கள். ஆக, நான் எதையும் மூடி மறைக்கிற ஆள் இல்லை.

ஷிமோஜி எப்படிச் செத்தார் என்று கேட்டீர்கள். அதற்கு முன் எங்கள் தேர்வு நடக்கும் விதம் உங்களுக்குத் தெரிய வேண்டும். வருஷத்துக்கு இரண்டு முறை, ஞாயிற்றுக்கிழமை காலையில். மஞ்சள் பெல்ட் குழந்தை இடம் வலம் குழம்பிச் சுவரைப் பார்த்துத் திரும்பி நிற்கும். அம்மாக்காரி அதையும் கண் கலங்கப் படம் பிடிப்பாள். நாங்கள் மூன்று பேர் மேஜைக்குப் பின்னால் வயிறு சரியில்லாதவர்கள் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம். குழந்தைகளை யாரும் தோற்கடிப்பதில்லை. தோற்கடித்தால் அடுத்த மாதமே நீச்சல் வகுப்புக்கு ஓடிவிடும். கறுப்புக்கு மேலே படிப்படியாகப் போகிற டான் தேர்வு அப்படியல்ல. மூன்று பேரும் கையெழுத்துப் போட வேண்டும். ஒருவர் பேனாவை மூடி வைத்துவிட்டாலும் போச்சு.

ஷிமோஜி விஷயத்தில் மூடிய பேனா என்னுடையது. ஐந்தாம் டானுக்கு அவர் முதல் முறை வந்தபோது, பெல்ட் முடிச்சின் இரண்டு நுனிகளும் ஒரே நீளத்தில் இல்லை என்று எழுதினேன். இரண்டாம் முறை, வணங்கிவிட்டு அரை மூச்சு முன்னதாக நிமிர்ந்தார் என்று எழுதினேன். இரண்டு முறையும், "நன்றிண்ணே, திருத்திக்கிறேன்" என்று கைகட்டி நின்றார். மறுநாளே தன் சோபா நூடுல்ஸ் கடையில் எனக்கு மட்டும் விலா எலும்புக் கறித்துண்டு இரண்டு அதிகம் வைத்தார். இப்படி ஒரு மனிதரைப் பொறுத்துக்கொள்வது எவ்வளவு சிரமம் என்று யாரும் யோசிப்பதில்லை.

டோஜோவை நடத்தும் நாகந்தகாரி மாஸ்டருக்கு எண்பத்து நான்கு வயது. முழங்கால் போய்விட்டது. அடுத்த வருஷம் டோஜோவை ஒருவர் கையில் ஒப்படைத்துவிடுவேன் என்று சொல்லியிருந்தார். ஐந்தாம் டான் இல்லாதவர் கைக்கு அது போகக் கூடாது என்பது அந்த டோஜோவின் விதி. என்னிடம் ஐந்தாம் டான் இருந்தது, ஷிமோஜியிடம் இல்லை. மற்றபடி அவர் என்னைவிட நன்றாகச் செய்வார். ஊருக்கே தெரிந்த விஷயம். ஒருநாள் நான் கட்டா என்கிற அடிவரிசையைச் செய்து முடித்ததும் எல்லார் முன்னாலும் மாஸ்டர் சொன்னார்: "யோனாமினே, நீ கட்டா செய்யறதப் பாத்தா, பஸ் வருதான்னு ஒருத்தன் எட்டி எட்டிப் பாக்கற மாதிரி இருக்குடா. ஷிமோஜியப் பாரு, கத்துக்க." எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். முப்பத்தொரு வருஷம் அந்தத் தரையை மண்டியிட்டுத் துடைத்தவன் நான். வயிறு எரிந்தது, இல்லை என்று சொல்லவில்லை.

மூன்றாவது முறை மாஸ்டரே தேர்வு மேஜைக்கு வந்துவிட்டார். "முடிச்சு, நுனின்னு இந்தத் தடவ எவனாவது எழுதட்டும், பேனாவப் புடுங்கி வெளிய எறிஞ்சுடறேன்" என்றார், வேறு எங்கும் பார்க்காமல் என்னையே பார்த்து.

அந்தத் தேர்வுக்கு ஒன்பது நாள் முன்பு ஷிமோஜி என் வீட்டுக்கு வந்திருந்தார். செருப்பைக் கழற்றக் குனியும்போதே முகம் கோணியது.

"அண்ணே, வீட்ல ஃபுமியத் தவிர யாருக்கும் தெரியாது. புயல் மழையில ஸ்கூட்டர் வழுக்கிடுச்சு. இடது பக்கம் ரெண்டு விலா எலும்பு விரிசல்."

"வெலா எலும்புக் கறி விக்கற கைக்கு வெலா எலும்பே போச்சா?" என்றேன்.

அவர் சிரிக்கப் பார்த்து, வலியில் பாதியிலேயே நிறுத்திக்கொண்டார். "டாக்டரு ஆறு வாரம் அசையாதங்கறாரு. மாஸ்டருக்குத் தெரிஞ்சா தேர்வத் தள்ளி வச்சிடுவாரு. அடுத்த தேர்வுக்கு அவரு இருப்பாரோ மாட்டாரோ. சன்சின்ல நீங்கதானே தட்டப் போறீங்க? அந்த எடத்துல மட்டும் கை வைக்காம பாத்துக்கங்கண்ணே."

"எந்த எடம், காட்டு."

சட்டையைத் தூக்கி ஒரு விரலால் தொட்டுக் காட்டினார். உள்ளங்கை அகலத்துக்கு மஞ்சளும் ஊதாவுமாகக் கன்றியிருந்தது. பாத்துக்கறேன் போ என்றேன். அவர் மனைவி ஃபுமி உங்களிடம் சொன்னது உண்மைதான், அந்தப் பெண் பொய் சொல்லாது. தேர்வுத் தாளில் உடல்நிலை என்ற கட்டத்தைத் தேர்வாளர்தான் நிரப்ப வேண்டும். நன்று என்று எழுதினேன். உங்கள் மேஜையில் இருப்பது என் கையெழுத்துதான்.

சன்சின் என்பது மேல்சட்டை இல்லாமல் செய்கிற கட்டா. மூன்றடி முன்னால், திரும்பு, மறுபடி மூன்றடி. மூச்சு சத்தமாக வந்து போக வேண்டும். தேர்வாளர் சுற்றி வந்து தோளில், தொடையில், விலாவில் கையால் அறைந்து உடம்பு இறுகியிருக்கிறதா என்று பார்ப்பார். அடி வாங்குகிறவர் கண் சிமிட்டினால் தோல்வி. எத்தனை அடி, எவ்வளவு பலம் என்று எங்கேயும் எழுதி வைக்கவில்லை. நல்ல விதிகள் எல்லாமே அப்படித்தான், கொஞ்சம் இடம் விட்டு இருக்கும்.

தோளில் அறைந்தேன், தொடையில் அறைந்தேன், ஷிமோஜி தூண் மாதிரி நின்றார். பிறகு இடது பக்கம் வந்தேன். அவர் கண் ஒரு நொடி என் பக்கம் வந்து திரும்பியது. விரித்த கையால்தான் அறைய வேண்டும். நான் உள்ளங்கையின் அடிப்பகுதியால், உடம்பின் எடையைப் போட்டு இடித்தேன். சரியாக மூடாத மேஜை இழுப்பறை மாதிரி ஏதோ உள்ளே போய்ச் சிக்கியது. அடுத்த சுற்றில் அதே இடத்தில் இன்னும் இரண்டு. அவர் நிறுத்தவில்லை. மூச்சு மட்டும் மாறியது. உள்ளே எங்கோ விசில் அடிக்கிற மாதிரி இழுத்து இழுத்து வந்தது.

மாஸ்டருக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "கேட்டீங்களாடா அந்த மூச்ச? இதத்தானே முப்பது வருஷமா தொண்ட கிழியக் கத்தறேன்." பிள்ளைகள் போனை எடுத்து அந்தச் சத்தத்தைப் பதிவு செய்தார்கள். மறுநாள் முதல் அப்படியே மூச்சு விட்டுப் பழகினார்களாம். நுரையீரலில் எலும்பு குத்தினால் வருகிற சத்தம் அது என்று அந்த அறையில் எனக்கு மட்டும்தான் தெரியும்.

எங்கள் வழக்கப்படி முடிவு படிக்கும் வரை எல்லாரும் மண்டியிட்டு, முதுகு வளையாமல், வாய் திறக்காமல் இருக்க வேண்டும். எழுந்தால் தோல்வி. மதிப்பெண் கூட்டுவது என் வேலை. உள்ளே உட்கார்ந்து கூட்டினேன், சரிபார்த்தேன், மறுபடி கூட்டினேன். ஒரு மஞ்சள் பெல்ட் குழந்தையின் அம்மா கதவுப் பக்கம் வந்து, "சார், கடைசில இருக்காரே, அவருக்கு ஒதடெல்லாம் நீலமா இருக்கு சார்" என்றாள். தேர்வு நேரத்தில் பேசக் கூடாது என்று விரலை உதட்டில் வைத்துக் காட்டினேன். பாவம், மன்னிப்புக் கேட்டுக்கொண்டு போனாள்.

நாற்பது நிமிஷம் கழித்து வெளியே வந்து படித்தேன். ஷிமோஜி, ஐந்தாம் டான், தேர்ச்சி. அவர் இரண்டு கைகளையும் தரையில் ஊன்றி, நெற்றி தரையில் படக் குனிந்தார். நிமிரவில்லை. இப்படி ஒரு வணக்கத்தை நாங்கள் யாரும் பார்த்ததில்லை. மாஸ்டர் முழங்கால் வலியோடு நாற்காலியிலிருந்து இறங்கி எதிர்வணக்கம் செய்தார். அறுபது பேரும் குனிந்தார்கள். அவர் முதலில் நிமிரட்டும் என்று எல்லாரும் காத்திருந்தார்கள். யாருக்கும் மரியாதைக் குறைவு செய்ய மனம் வரவில்லை.

மூன்று தாளைக் கூட்ட நாலு நிமிஷம் போதும் என்கிறீர்கள். சரிதான். மீதி நேரமெல்லாம் கதவு இடுக்கு வழியாக அவர் உதட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போதே ஆம்புலன்ஸைக் கூப்பிட்டிருந்தால் பிழைத்திருப்பார் என்கிறார் உங்கள் டாக்டர். எனக்கும் அப்படித்தான் தோன்றியது, அதனால்தான் கூப்பிடவில்லை. இனி அவரால் டோஜோவை ஏற்றுக்கொள்ள முடியாது என்று உறுதியான பிறகே பேனாவைத் திறந்தேன். நூற்றுக்கு நூறு போட்டேன், இன்ஸ்பெக்டர். இத்தனை வருஷத்தில் நான் யாருக்கும் அந்த மதிப்பெண் போட்டதில்லை. பொறாமைக்காரன் போடுவானா, நீங்களே சொல்லுங்கள்.