காணவில்லை என்று சொல்லப்பட்ட தங்கை

காணவில்லை என்று புகாரில் குறிப்பிடப்பட்ட பெண், நிலையத்துக்கு நேரில் வந்து கொடுத்த வாக்குமூலம். வயது நாற்பத்து மூன்று, கணவர் உயிருடன் இல்லை, சலவைக்கடையில் துணி தேய்க்கும் வேலை, முகவரி புகாரில் கண்டபடியே.

நான் மேற்படி முகவரியில் என் அண்ணனுடன் குடியிருந்து வருகிறேன். அண்ணன் பூட்டு, சாவி வேலை செய்பவர். அண்ணி பிரிந்து போன பிறகு அவர் காலையிலிருந்தே பீர் குடிக்க ஆரம்பித்தார். நான் வைத்துவிட்டுப் போகும் சாப்பாடு தட்டிலேயே காய்ந்து கிடக்கும். கேட்டால், "இதுவே வயித்த நிறைச்சிடுதும்மா" என்பார். அதன் பிறகு அவருக்கு நடை தள்ளாடியது. கையில் சாவியை எடுத்துக்கொண்டு, எதற்கு எடுத்தோம் என்று தெரியாமல் நிற்பார். போதை என்றுதான் நானும் அக்கம்பக்கத்தாரும் எடுத்துக்கொண்டோம்.

சம்பவத்தன்று மதியம் நான் வேலையிலிருந்து திரும்பியபோது என் சாவி கதவில் நுழையவில்லை. அண்ணன் பூட்டை மாற்றியிருந்தார். நான் தட்டியதும் திறந்து, "யாருங்க வேணும்?" என்றார். நான்தான் என்றேன். அவர் என்னை நிதானமாகப் பார்த்துவிட்டு, "குரல்கூட அவளோடதுதான். அவ செருப்பத்தான் போட்டிருக்கீங்க. அவள என்ன பண்ணீங்க?" என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை.

அதன் பிறகு என்னை உள்ளே உட்காரவைத்து, என் எதிரிலேயே இந்த நிலையத்துக்குப் போன் செய்து, தங்கையைக் காணவில்லை என்று கூறி, என் வயது, உயரம், இடது கையில் இஸ்திரிப்பெட்டி சுட்ட தழும்பு வரை பிசகாமல் சொன்னார். நான் என்னை அறியாமல் அந்தக் கையை மடியில் மறைத்துக்கொண்டேன்.

அதன் பிறகு காவலர்கள் இருவர் வந்து அடையாள அட்டை கேட்டார்கள். எடுக்கப் போனேன். "அந்த ரூமுக்குள்ள இவங்கள விடாதீங்க சார், அது தங்கச்சி ரூம்" என்று அண்ணன் வழியை மறித்தார். ஒரு காவலர் சுவரிலிருந்த போட்டோவையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். அதில் இருப்பது நான்தானா என்று எனக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது. அப்போது அண்ணன் வலிப்பு வந்து கீழே விழுந்தார். காவல் வண்டியிலேயே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம்.

சரியான சாப்பாடு இல்லாமல் பீரையே குடித்ததால் ரத்தத்தில் உப்பு மிகவும் இறங்கி, மூளை வீங்கிவிட்டது என்று டாக்டர் சொன்னார். "அவசரப்பட்டு ஏத்தினா மூளைக்கே ஆபத்தும்மா, மெல்ல மெல்லத்தான் ஏத்தணும்" என்றார். அப்படி உப்பு ஏறும்வரை அண்ணன் என்னிடம், "வாங்க, உக்காருங்க" என்றே பேசிவந்தார்.

அதன் பிறகு ஒரு காலையில் கண் விழித்து, "எங்கடி போன இவ்வளவு நாளா?" என்று அழுதார். வேலை இருந்தது என்றேன். இப்போது கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிடுகிறார். நான் காணாமல் போகவில்லை, ஆகவே புகாரை முடித்துவைக்கக் கோருகிறேன்.

இன்று புறப்படும்போது அண்ணன் என்னை அருகில் அழைத்து, "நீ இல்லாதப்ப ஒருத்தி பக்கத்துலயே இருந்தா. பாவம், காலப் பிடிச்சுவிட்டா, தூங்கவே இல்ல. இப்ப எங்க போனாளோ. அவள ஒண்ணும் பண்ணிட வேண்டாம்னு போலீஸ்ல சொல்லிடு" என்றார். சொல்வதாக வாக்குக் கொடுத்துவிட்டு வந்தேன். அதையும் இதில் சேர்த்துக்கொள்ளக் கேட்டுக்கொள்கிறேன்.

எழுதியதை எனக்கு வாசித்துக் காட்டினார்கள். நான் சொன்னபடியே இருக்கிறது, யாவும் உண்மை.

(ஒப்பம்)
புகாரில் கண்ட பெண்