ஏழாம் பாடத்துக்கு ஒரு திருத்தம்

பழைய பத்திரிகைகளைத் தேடி இந்த வெயிலில் கள்ளக்குறிச்சிவரை வந்திருக்கிறீர்கள்; முதலில் மோர் குடியுங்கள். ‘கம்பும் கையும்’ இதழின் எல்லாப் பிரதிகளும் அந்தத் தகரப் பெட்டியில் இருக்கின்றன. எடுத்துக்கொள்ளலாம். இத்தனை வருஷத்தில் அதைத் திறக்கச் சொல்லிக் கேட்டவர் நீங்கள் ஒருவர்தான். ஒரு பிரதி மட்டும் மேலுறை பிரிக்காமல், தபால்தலை ஒட்டியபடி கிடக்கும். அதைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன்.

அப்போது நான் கடைவீதியில் அச்சகம் வைத்திருந்தேன். கல்யாணப் பத்திரிகை, சங்கத்து நோட்டீஸ், கருமாதிக் கார்டு, இவைதான் பிழைப்பு. எண்பத்தொன்றில் ஊருக்கே கராத்தே பைத்தியம் பிடித்திருந்தது. வாழைமரத்தை உதைக்காத இளவட்டம் கிடையாது. நம்மூர்ச் சிலம்பத்துக்கு மாதம் ஒரு பத்திரிகை போட்டால் என்ன என்று தோன்றியது. எனக்குக் கம்பு பிடிக்கவே தெரியாது. தெரிந்தவன் மாயவன். நைனார்பாளையத்துக்காரன், கூலிக்குக் கரும்பு வெட்டுகிறவன், எழுதப் படிக்கத் தெரியாதவன். ஞாயிறுதோறும் வந்து ஆடிக் காட்டுவான். நான் படம் எடுப்பேன், பாடம் எழுதுவேன், கீழே ‘ஆசான் அரங்கநாதன்’ என்று என் பெயரைப் போட்டுக்கொள்வேன். கரும்பு வெட்டுகிறவன் பெயரைப் பார்த்தா சந்தா கட்டுவார்கள்? அவனும் கேட்கவில்லை. கேட்காததைச் சம்மதமாக எடுத்துக்கொண்டேன்.

படங்களை அச்சடிக்கும் உலோகத் தகடு, பிளாக் என்போம், சேலத்தில் செய்து வரும். ஏழாம் பாடத்தின் மூன்றாவது படம் இடவலம் மாறி வந்துவிட்டது. எதிராளியின் அடி வலப்பக்கம் வரும் என்கிறது பாடம். படத்தில் தடுக்கிறவன் கம்போ இடப்பக்கம் நிற்கிறது. எனக்கு அது கண்ணில் படவில்லை. இதழ் வெளியே போனபிறகு மாயவன்தான் படத்தைப் பார்த்து முகம் சுளித்தான்.

“இன்னா மொதலாளி இது? இப்டி நின்னா வலதுபக்கம் வெலா தொறந்துகினு கெடக்கும். ஒரு குத்து போதும், ஆளு எந்திரிக்க மாட்டான்.”

“அடுத்த மாசம் திருத்தம் போட்டுடறேன்.”

போடவில்லை. தன் படம் தப்பு என்று தானே சொல்லும் ஆசானை யார் மதிப்பார்கள்? நான்கு வருஷம் ஓடியது. ஒன்றும் குடிமுழுகிப் போகவில்லை.

வெள்ளிமலைக்கு அந்தப்பக்கத்து ஊர் ஒன்றிலிருந்து வேடியப்பன் என்கிற சந்தாதாரன் விடாமல் கடிதம் எழுதிக்கொண்டிருந்தான். எண்பத்தேழு தொடக்கத்தில் ஒருநாள் நேரிலேயே வந்து நின்றான். கையில் ஒரு பை கடுக்காய். வாசலிலேயே செருப்பைக் கழற்றினான்.

“உங்க பொஸ்தவத்த வச்சிக்கினுதான் கத்துக்கினேன் ஆசானே. வேற வாத்தியாரு எனக்கு இல்லீங்க.”

அச்சகத்தின் பின்பக்கம் ஆடிக் காட்டினான். மாயவன் அன்று வேலைக்குப் போயிருந்தான். காகிதத்தைப் பார்த்து ஒருவன் இவ்வளவு கற்க முடியும் என்று நான் நினைத்ததே இல்லை. வயிறெரிந்தது, மறைப்பானேன். பாடம் எழுதியவன் நான், எனக்கு ஒரு சுற்றுகூட வராது. ஏழாம் பாடத்தில் அவன் நிற்கும் நிலையைக் கண்டு, ஏதோ புது வித்தை என்று எதிராளிகள் மிரள்கிறார்களாம். சிரித்துக்கொண்டே சொன்னான்.

“கச்சிராயபாளையத்துல சித்திரத் திருநாளுக்கு, ஊரு முன்னால உங்களோட ஒரு கை ஆடணுங்க. கமிட்டியில சொல்லிட்டேன்.”

அடுத்த வாரமே கமிட்டிக்காரர்கள் நோட்டீஸ் அடிக்க வந்தார்கள், என்னிடமேதான். கொட்டை எழுத்தில் என் பெயரை நானே அச்சுக் கோத்தேன். முடியாது என்று சொல்லியிருக்கலாமே என்பீர்கள். சொன்னால் ஊரே கைகொட்டிச் சிரிக்கும், பத்திரிகையும் போய்விடும். ஆசான் என்று கூப்பிடும் நான்கு பேரைத் தவிர எனக்கென்று வேறு என்ன இருந்தது?

மாயவனைக் கூப்பிட்டு, கம்பு நுனியால் ஒரே ஒரு குத்து கற்றுக்கொடு என்றேன். வலது விலாவுக்கு. மேடைக்கு ஏதாவது ஒன்று தெரிய வேண்டாமா என்றதும் நம்பிவிட்டான். வெட்டிய காகிதத் துண்டுகளைச் சாக்கில் திணித்து, தொங்கவிட்டு, இருபது நாள் குத்தினேன்.

“மெல்ல மொதலாளி. தொட்டாலே ஜெயிச்ச மாதிரிதான்” என்றான் மாயவன்.

தொட்டால் வேடியப்பன் கும்பிட்டுவிட்டு, இன்னொரு தரம் ஆடலாம் ஆசானே என்பான். எனக்கு இன்னொன்று தெரியாது.

திருநாள் சாயங்காலம் கோமுகி அணையைச் சுற்றியுள்ள சனமெல்லாம் கூடியிருந்தது. வேடியப்பன் என் காலைத் தொட்டு வணங்கிவிட்டுக் கம்பை எடுத்தான். நான் “ஏழாம் பாடம்” என்றேன். படத்தில் இருப்பதுபோலவே நின்றான், ஒரு நூல் பிசகாமல். சாக்கில் குத்தியதுபோல முழு பலத்தோடு குத்தினேன். மூன்றாம் நாள் அவன் இறந்தான். விளையாட்டில் நேர்ந்தது என்று எல்லாரும் சொன்னார்கள். ஆசானின் கைவேகத்தைப் பற்றி ஒரு வருஷம் பேசினார்கள்.

அதற்குப் பிறகு மாயவன் ஒரே ஒருமுறை வந்தான்.

“அந்தக் குத்து நான் கத்துக்குடுத்தது மொதலாளி. அந்தப் படம் இன்னும் அப்டியேதான் இருக்குதா?”

“போன மாசமே திருத்திட்டேன், பாரு.”

புதுப் படத்தை வெகுநேரம் பார்த்தான். “அப்ப அவரு இன்னாத்துக்கு அப்டி நின்னாரு?” என்று கேட்டான். நான் இதழை அவன் கையிலிருந்து வாங்கி வைத்தேன். கம்பைச் சுவரில் சாய்த்துவிட்டுப் போனவன் திரும்பவே இல்லை. பாடம் சொல்ல ஆள் இல்லாமல் ஆறு மாதத்தில் இதழ் நின்றது. நீங்கள் கேட்ட வரலாறு இவ்வளவுதான்.

கருமாதி முடிந்து வேடியப்பன் மனைவி இருசம்மாள் சந்தாவை நிறுத்தச் சொல்லி வந்திருந்தாள்.

“போன மாசப் பொஸ்தவம் வரவே இல்லீங்க. தெனம் போஸ்டாபீசுக்குப் போய்ப் பாத்துக்கினு இருந்தாரு. திருநாளுக்கு முன்னாடி ஒரு தபா படிச்சிட்டுப் போவணும்னு.”

தபாலில் தொலைந்திருக்கும் என்றேன்.

இப்போது அந்த உறையைப் பிரிக்கலாம். பங்குனி இதழ், பதினாறாம் பக்கம். ‘ஏழாம் பாடத்துக்குத் திருத்தம்: மூன்றாவது படத்தில் உள்ளபடி நிற்க வேண்டாம். வலது விலாவுக்கு ஆபத்து. சரியான படம் கீழே.’ திருநாளுக்குப் பத்து நாள் முன்பே நானூற்றுப் பதினோரு சந்தாதாரர்களுக்கும் என் கையாலேயே விலாசம் எழுதினேன். நானே தபாலாபீசுக்குச் சுமந்துபோனேன். வேடியப்பன் பிரதியை மட்டும் மேசை இழுப்பறையில் வைத்துவிட்டுப் போனேன்.

திருத்தம் வந்திருந்ததால் பத்திரிகைமேல் யாரும் பழி சொல்ல முடியவில்லை, வாஸ்தவம்தான். அதற்காக மட்டும் நான் அதைப் போடவில்லை. தப்பான பாடத்தைப் படித்து வேறு யாருக்காவது ஏதாவது ஆகியிருந்தால் என் மனசு தாங்கியிருக்காது. மற்ற நானூற்றுப் பத்துப் பேரில் ஒருவருக்கும் ஒரு கீறல்கூட விழவில்லை. எழுதும்போது அதை விட்டுவிடாதீர்கள்.