கோலமாவுக் கோடு

எங்கள் தெருவில் இரவு எட்டு மணியிலிருந்து ஒன்பது மணி வரைக்கும் யார் வீட்டுக் கதவைத் தட்டினாலும் திறக்க மாட்டார்கள், ஐயா. உள்ளே ஆள் இருக்கும். டி.வி.யில் அந்தத் துப்பறியும் நாடகம் ஓடிக்கொண்டிருக்கும். அடுப்பில் பால் பொங்கி வழிந்தால்கூட விளம்பரம் வரட்டும் என்றுதான் உட்கார்ந்திருப்பார்கள்.

நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். உங்களுக்கு நேரம் ஏது. அதில் ஒரு பெண் அதிகாரி வருவார். செத்தவன் சட்டையில் ஒட்டியிருக்கிற ஒற்றை முடியை இடுக்கியால் எடுத்து ஒரு மெஷினுக்குள் வைப்பார். கொன்றவனுடைய போட்டோ, விலாசம், முதல் நாள் அவன் தின்ற புரோட்டா வரைக்கும் திரையில் வந்து நிற்கும். ஒரு மணி நேரத்தில் கேஸ் முடிந்துவிடும். மறுநாள் காலையில் பால் வாங்க வருகிறவர்கள் என்னைப் பிடித்துக்கொள்வார்கள், நிஜத்திலும் இப்படித்தானா என்று.

என்னிடம் ஏன் கேட்டார்கள் என்பது உங்களுக்கே தெரியும். பதினேழு வருடமாக ஸ்டேஷனிலிருந்து கூப்பிட்டால் கேமராவைத் தூக்கிக்கொண்டு ஓடி வருகிறவன் நான். கல்யாணத்துக்கும் காதுகுத்துக்கும் படம் எடுக்கிற இந்த முத்துப்பாண்டிதான் தூக்கில் தொங்கினவனையும் கிணற்றில் மிதந்தவளையும் படம் எடுப்பான். விளாங்குடியில் ஸ்டுடியோ வைத்திருக்கிற வேறு யாருக்கும் அந்தக் கௌரவம் கிடையாது. தெருவில் நான் ஒன்று சொன்னால் போலீஸே சொன்ன மாதிரி. ஆகவே, ஆமாம், எல்லாம் அப்படித்தான் என்று சொல்லி வந்தேன். ஆசையாகக் கேட்கிறவர்கள் முகம் வாடக்கூடாது, பாருங்கள்.

நல்லகாமன் ஒருத்தன்தான் இல்லை என்பான். அவன் என் தங்கச்சி முனீஸ்வரியின் புருஷன். எதிர்வீடு. ஏதோ ஓர் ஆய்வுக்கூடத்தில் கடைநிலை ஊழியன். ஸ்டேஷன்களிலிருந்து சீல் வைத்து வருகிற பொட்டலங்களை வாங்கி அடுக்குவது அவன் வேலை. நான் பத்துப் பேரை நிற்க வைத்துப் பேசிக்கொண்டிருப்பேன். அவன் பல் விளக்கிக்கொண்டே வந்து நடுவில் நிற்பான்.

“மச்சான், அங்க நாடகத்துல வர்ற நீல லைட்டும் கெடயாது, ஒண்ணுங் கெடயாது. பொட்டலத்துக்கு நம்பரப் போட்டு அடுக்குனா, அது முறை வர்றதுக்கே எம்புட்டோ நாளாகும். அப்பறமும் பாதிக்கு ‘உறுதியாகச் சொல்ல இயலாது’ன்னுதேன் எழுதுவாக.”

சொல்லிவிட்டு வாய் கொப்பளித்துத் துப்புவான். கூட்டம் கலைந்துவிடும். அதற்காகவெல்லாம் நான் வருத்தப்படவில்லை.

போன ஆவணியில் வாலாம்பாள் டீச்சரின் சங்கிலி காணாமல் போனது. ரிட்டயரான டீச்சர், தனியாக இருப்பவர், என்னைத்தான் கூப்பிட்டார். முகப்பவுடரைப் பீரோக் கதவில் தூவி, செல்லோ டேப்பை ஒட்டி எடுத்து, நாடகத்தில் செய்கிற மாதிரியே வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். ரேகை தெளிவாக விழுந்திருந்தது. அந்த வீட்டில் வேலை செய்கிற சின்னத்தாயின் விரலோடு ஒத்துப்பார்த்தேன். அவளுடையதுதான். அவள் தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். தெருவே அவளைக் காறித் துப்பியது. அப்போது நல்லகாமன் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்து சேர்ந்தான்.

“டீச்சரம்மா, அந்தப் பீரோவ தெனமும் தொடைக்கிறவ அவ. அவ ரேக இல்லாட்டித்தேன் சந்தேகப்படணும். எங்க மச்சான் கல்யாணப் பொண்ணுக்கு அடிச்ச பவுடரு மிச்சம் போல, சும்மா வெளயாடுறாரு.”

மறுநாள் சங்கிலி அரிசி டப்பாவுக்குள் இருந்தது. டீச்சர் கள்ளன் பயத்தில் தாமே போட்டு வைத்து மறந்துபோயிருக்கிறார். சின்னத்தாய்க்கு ஒரு சேலை எடுத்துக் கொடுத்தார். எனக்குக் கிடைத்தது ஒரு பெயர். டீக்கடையில் உட்கார்ந்தால் “பவுடருக்கு ஒரு டீ போடுப்பா” என்பார்கள். நான் கோபப்படுகிற ஆள் இல்லை, ஐயா. நானும் கூடச் சேர்ந்து சிரித்தேன். யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரை மணி இருக்கும். வாசலில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். நல்லகாமன் மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டி கழுவிக்கொண்டிருந்தான். பாசி வழுக்கிவிட்டது. என் கண் முன்னால்தான் விழுந்தான். முனீஸ்வரி வாசலில் கோலம் போட்டுக்கொண்டிருந்தாள். அவளுக்கு நாலடி தள்ளி விழுந்தான். அவள் கிண்ணத்தோடு விறைத்து நிற்க, நான் முந்திக்கொண்டு ஓடிப்போய்க் குனிந்து, கழுத்தில் இரண்டு விரலை வைத்துப் பார்த்தேன். எழுந்து, முடிஞ்சுபோச்சு என்று சொன்னேன்.

அவள் பாய்ந்து வந்தாள். நான் கையை விரித்து மறித்தேன்.

“தொடாத தாயி. தொட்டா தடயமெல்லாம் கலைஞ்சிரும். யாராச்சும் தள்ளி விட்டுருந்தா எப்பிடிக் கண்டுபிடிக்கிறது? ஒம் மேலயே சந்தேகம் வந்துரும்.”

அவள் நின்றுவிட்டாள். நாடகத்தை ஒருநாள் விடாமல் பார்க்கிறவள். அவள் கையிலிருந்த கோலமாவுக் கிண்ணத்தை நான் வாங்கினேன். அவன் தலையிலிருந்து கால் வரைக்கும் சுற்றிலும் கோடு போட்டேன். கூடியிருந்தவர்கள் இரண்டடி பின்னால் நகர்ந்தார்கள். எத்தனையோ தடவை அவர்கள் டி.வி.யில் பார்த்த கோடுதானே அது. பின்னால் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்களே தவிர, ஒருத்தரும் கோட்டை மிதிக்கவில்லை. எவ்வளவு சொல்பேச்சுக் கேட்கிற ஜனம் என்று எனக்கே பெருமையாக இருந்தது. கொஞ்ச நேரத்தில் தலைப்பக்கம் ரத்தம் கோட்டைத் தாண்டி வந்தது. நான் சற்றுத் தள்ளி மறுபடியும் போட்டேன்.

பக்கத்து வீட்டுக் காளைக்கு மட்டும் மனசு கேட்கவில்லை.

“அண்ணே, ஆட்டோ இங்கனதேன் நிக்கிது. தூக்கிப் போட்டு ஓடிருவம்ணே. பத்து நிமிசத்துல ஆஸ்பத்திரிக்குப் போயிரலாம்.”

“தூக்குறதுன்னா தூக்கு மாப்ள. ஒன் ரேகையும் அவன் ரத்தமும் ஒன் சட்டையில ஏறும். போன வாரம் வண்டி நிறுத்துற தகராறுல நீயும் அவனும் கட்டிப் புரண்டத இந்தத் தெருவே பாத்திருக்கு. டெஸ்ட்டுல ஒன் பேருதேன் வரும். பரவாயில்லையா?”

காளை சாவியைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு பின்னால் போய் நின்றான். அதற்கு இரண்டு நாள் முன்புதான் நாடகத்தில் அடிபட்டவனைத் தூக்கினவனே மாட்டிக்கொள்வதாகக் காட்டியிருந்தார்கள். பயப்படாமல் என்ன செய்வான், பாவம்.

முனீஸ்வரி ஒரு செம்பில் தண்ணீர் கொண்டுவந்தாள்.

“அண்ணே, அவுக வெரலு அசையிதுண்ணே. நான் பாத்தேண்ணே.”

“செத்தப்பறமும் நரம்பு இழுக்கும் தாயி. தண்ணி பட்டா ரத்தம் கரைஞ்சு டெஸ்ட்டுக்கு ஆகாமப் போயிரும்.”

“ஆமாண்டிம்மா, அன்னிக்கு நாடகத்துலகூட அப்படித்தான் சொன்னா” என்று வாலாம்பாள் டீச்சர் அவள் தோளைப் பிடித்துக்கொண்டார். படித்தவர் சொன்னதும் அவள் செம்பைக் கீழே வைத்துவிட்டாள். யாரோ ஆம்புலன்சைக் கூப்பிடலாம் என்றார்கள். உசுரு போன உடம்பை அவர்கள் ஏற்ற மாட்டார்கள் என்று சொல்லி நிறுத்தினேன்.

ஸ்டேஷன் ரைட்டருக்கு நான்தான் போன் செய்தேன். ஆள் முடிஞ்சுபோச்சு, அவசரமில்லை, காப்பி குடிச்சிட்டு வாங்க என்றேன். ஞாயிற்றுக்கிழமையும் அதுவுமாக உங்களை விரட்ட வேண்டாமே என்று பார்த்தேன். காத்திருக்கிற நேரத்தில் கேமராவை எடுத்துவந்து எப்போதும்போலப் படம் எடுத்தேன். பதினோரு படம்.

நீங்கள் எட்டேகாலுக்கு வந்தீர்கள். இத்தனை சுத்தமாக ஓர் இடத்தை இதுவரைக்கும் யாரும் காத்துக்கொடுத்ததில்லை என்று தெரு முன்னால் சொன்னீர்கள். என் முதுகில்கூடத் தட்டினீர்கள். பவுடர் என்று கூப்பிட்டவனெல்லாம் வாயை மூடிக்கொண்டு நின்றான். பொய் சொல்வானேன், நெஞ்சு நிறைந்துபோனது.

என் படங்களே என்னை மாட்டிவிடும் என்று நான் நினைக்கவில்லை. அறுத்துப் பார்த்த டாக்டர், ரத்தம் வடிந்து வடிந்துதான் உயிர் போயிருக்கிறது, விழுந்த உடனே போகவில்லை என்று எழுதியிருக்கிறார். சீக்கிரம் கொண்டுவந்திருந்தால் பிழைத்திருப்பான் என்றும் எழுதியிருக்கிறார். நீங்கள் அதைப் படித்துவிட்டு என் முதல் படத்தையும் ஏழாவது படத்தையும் மேஜையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தீர்கள். முதலாவதில் வலது கை வயிற்றின் மேல் இருக்கிறது. ஏழாவதில் அதே கை கோட்டுக்கு வெளியே முனீஸ்வரி நின்ற பக்கம் நீண்டிருக்கிறது. மெஷினும் இல்லை, முடியும் இல்லை. வெறும் கண்ணால் பார்த்துவிட்டீர்கள்.

தள்ளினாயா என்று இரண்டு நாளாகக் கேட்கிறீர்கள். தள்ளவில்லை. அவன் தானாக வழுக்கித்தான் விழுந்தான். ஆத்தா மீனாட்சி மேல் சத்தியம். நீங்கள் கேட்க வேண்டியது வேறு, ஐயா. கேட்காவிட்டாலும் நானே சொல்கிறேன், எழுதிக்கொள்ளுங்கள்.

நான் விரலை வைத்தபோது கழுத்தில் நாடி நன்றாக அடித்தது. அவன் என்னைப் பார்த்தான். “மச்சான், காலு வெளங்கல. சீக்கிரம் தூக்குங்க” என்றான். குரல் எனக்கு மட்டும் கேட்கிற அளவுக்குச் சன்னமாக இருந்தாலும் பேச்சு தெளிவாகத்தான் இருந்தது. அதைக் கேட்ட பிறகுதான் நான் எழுந்து முடிஞ்சுபோச்சு என்று சொன்னேன். அது அவன் காதிலும் விழுந்தது. அவன் முகம் மாறியதை நான் பார்த்தேன். இத்தனை நாள் நான் சொன்ன ஒவ்வொன்றுக்கும் இல்லை இல்லை என்றவன், அன்றைக்கு இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தான். ரத்தம்தான் வந்தது. கோடு போட்டு முடிக்கிற வரைக்கும் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு முனீஸ்வரி பக்கம் கண்ணைத் திருப்பினான். நான் போய் நடுவில் நின்றுகொண்டேன். ஏழே முக்கால் வரைக்கும் மூச்சு இருந்தது. எனக்குத் தெரியும், நான் எண்ணிக்கொண்டுதான் நின்றேன்.

முனீஸ்வரி என்னைப் பார்க்க வரமாட்டேன் என்று சொல்லிவிட்டதாகச் சொன்னீர்கள். சின்னப் பிள்ளை, விவரம் போதாது. அவளிடம் நீங்கள்தான் எடுத்துச் சொல்ல வேண்டும். அவன் சாகிற வரைக்கும் அவள் கை அவன் மேல் படாமல் பார்த்துக்கொண்டேன். அதனால்தான் இந்தக் கேஸில் அவளை யாரும் ஒரு கேள்வி கேட்கவில்லை. கூடப்பிறந்தவன் பக்கத்தில் இருந்ததால்தான் ஐயா அவள் தப்பித்தாள்.